மூன்று இடத்துப் பன்னீர் ரோஜா: பெட்டிக்குள் போடும் வாசப்பூவுக்கு எது தேறியது

பீரோவுக்கும் சேலைப் பெட்டிக்கும் வாசத்துக்குப் போட ரோஜா வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து படத்தைப் பார்த்துச் செடி வாங்காதீர்கள். பூவை முகர்ந்து பார்த்து வாங்குங்கள், அதுவும் போதாது, முடிந்தால் அந்தப் பூவில் நாலைந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிழலில் காயவைத்து, சருகான பிறகு ஒரு தடவை முகர்ந்துவிட்டு அப்புறம் செடிக்குக் காசு கொடுங்கள். செடியில் இருக்கும்போது மணக்கிற பூ எல்லாம் காய்ந்த பிறகு மணப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷமும், தேவையில்லாமல் சில நூறு ரூபாயும் ஆனது.

மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று இடங்களிலிருந்து வந்த பன்னீர் ரோஜா வளர்த்தேன். ஒன்று ஆன்லைனில் ஆர்டர் செய்தது, ஒன்று நத்தம் ரோட்டுப் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கியது, மூன்றாவது நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் என் மதினி ஊரில் ஒரு தோட்டத்திலிருந்து வெட்டி வந்த குச்சி. மூன்றையும் பூவுக்காக மட்டும் வைத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எனக்கு வேண்டியது காய்ந்த இதழ். அம்மாவின் தகரப் பெட்டியில் பட்டுச்சேலை மடிப்புக்கு நடுவே ஒரு பழைய வேட்டித் துணி முடிச்சு இருக்கும், அதில் பன்னீர் ரோஜா இதழும் மகிழம்பூவும் வெட்டிவேரும் கிடக்கும். பெட்டியைத் திறந்ததும் வரும் அந்த வாசம் எனக்கு வேண்டும். அந்துருண்டை போட்டால் என் மகளுக்கு அடுக்குத் தும்மல், அதனால் வீட்டில் அது வருவதே இல்லை.

முதலில் ஆன்லைன் செடி. 349 ரூபாய், டமாஸ்க் ரோஜா, பழங்காலத்து மணம் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். பொட்டலம் நன்றாகவே வந்தது, செடியும் வாடவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு மாதத்தில் பூத்தது. கருஞ்சிவப்பில், கூம்பு மாதிரி சுருண்ட மொட்டு, தடித்த இதழ், பார்க்க அழகு, முகர்ந்தால் பச்சை இலை வாசம்தான். சரி, முதல் பூ அப்படித்தான் இருக்கும் என்று இன்னும் நாலு பூவுக்குக் காத்திருந்தேன். மாற்றம் இல்லை. அது வேறொரு ரோஜாவின் அடித்தண்டில் ஒட்டவைத்த ஒட்டுச்செடி என்பது ஒட்டுப் போட்ட கணுவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆனால் அந்தக் கணுவுக்குக் கீழேயிருந்து வேறு மாதிரி இலையோடு ஒரு கிளை விறுவிறுவென்று கிளம்பி மேலே இருந்த ரோஜாவையே அமுக்கியதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். செடி உயிரோடு இருக்கிறது, நோய் இல்லை, எனவே பணம் திரும்பாது என்று பதில் வந்தது. வாசம் இல்லை என்பதுதான் என் புகார், அதைப் போட்டோவில் எப்படிக் காட்டுவது? பெயர் சொல்ல விரும்பவில்லை. ஆனால் வாசனைக்காகச் செடி வாங்குகிறவர்களுக்கு ஆன்லைன் வேண்டாம் என்பது என் முடிவு. அதன் இதழையும் காயவைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் ஆனது காய, கடைசியில் கறுத்து, வைக்கோல் வாசம் அடித்தது.

இங்கே ஒரு விஷயம். டமாஸ்க் என்று சொல்லப்படும் ரோஜாவும் நம் ஊர்ப் பன்னீர் ரோஜாவும் ஒன்று என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் வடிக்கிறதும், பல்கேரியாவில் கசன்லாக் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்கப் பயிரிடுகிறதும் டமாஸ்க். அதற்குக் குளிர்காலம் வேண்டும், வருஷத்தில் சில வாரம் மொத்தமாகப் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். திண்டுக்கல், நிலக்கோட்டைத் தோட்டங்களில் இருப்பது எட்வர்ட் ரோஜா. டமாஸ்கும் சீன ரோஜாவும் கலந்து, ரீயூனியன் தீவில் உண்டான பூர்போன் வகையைச் சேர்ந்தது. டமாஸ்கிடமிருந்து வாசத்தையும், சீன ரோஜாவிடமிருந்து வருஷம் பூராவும் பூக்கும் குணத்தையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. நம் வெயிலுக்கு இதுதான் சரி. உண்மையான டமாஸ்கே உங்கள் கைக்கு வந்தாலும் மதுரையில் அது பூக்க மனசு வைப்பது கஷ்டம். 1867-இல் பிரான்சில் லா ஃபிரான்ஸ் என்ற ரோஜா வந்ததற்கு முன்னால் இருந்த வகைகளைத்தான் பழைய ரோஜா என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், அதற்கப்புறம் வந்தவற்றில் பெரும்பாலும் பூவின் வடிவத்துக்கும் நிறத்துக்கும் நீளக் காம்புக்கும்தான் மவுசு. ஓசூரிலிருந்து வரும் பொக்கே ரோஜாவை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்திருப்பீர்கள், நான் விளக்க வேண்டியதில்லை.

நத்தம் ரோட்டு நர்சரிக்கு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். போனதும், "அண்ணே, பன்னீர் ரோஸ் வேணும், காயவைக்க, வாசம் முக்கியம்" என்றேன். பூத்திருந்த கலர் கலரான செடிகளை அவர் காட்டவே இல்லை. நேராகப் பின்பக்கம் கூட்டிப்போய், பார்க்க ஒன்றுமில்லாத, முள்ளும் குச்சியுமாக நின்ற பத்துப் பன்னிரண்டு பைகளைக் காட்டி, "இதுதான் மேடம், மாலைக்கு உதுக்குற பூ. செடி லட்சணமா இருக்காது, சொல்லிட்டேன். பூவைப் பாத்துட்டு எடுங்க" என்றார். செடி 60 ரூபாய். பூ ஒன்று இருந்தது, முகர்ந்தேன், அம்மா பெட்டியின் பாதி அங்கேயே இருந்தது. இரண்டு செடி எடுத்தேன்.

குறை என்னவென்றால் மண். களிமண் மாதிரி இறுகிய உருண்டைக்குள் வேர் சுருண்டு கிடந்தது. நான் அந்த உருண்டையை உடைக்காமல் அப்படியே தொட்டியில் இறக்கிவிட்டேன், தண்ணீர் சுற்றி ஓடுகிறதே தவிர உள்ளே இறங்கவில்லை, ஒரு செடி சித்திரையில் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து போய்விட்டது. மற்றொன்றைப் பிடுங்கி, தண்ணீர் வாளியில் அரை மணி நேரம் ஊறவைத்து மண்ணைக் கரைத்து, செம்மண், ஆற்றுமணல், மாட்டெரு மூன்றையும் சமமாகக் கலந்து மறுபடி வைத்தேன். பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் பூக்கிறது. இந்த ஒரு வேலையைச் செய்யத் தயாராக இருந்தால் ரோட்டோர நர்சரிச் செடிக்கு ஐந்துக்கு மூன்றரை தாராளமாகத் தரலாம்.

இப்போது நிலக்கோட்டைக் குச்சி. இதற்கு ஐந்துக்கு ஐந்து, காசே கொடுக்காததால் அல்ல.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் மதினி வீட்டுக்குப் போனபோது, விடியக்காலை ஐந்தரைக்கே எழுப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வரப்பில் நின்றபோதே வாசம். தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஐந்தாறு பேர் இடுப்பில் கட்டிய மடிக்குள் பூவைப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், காம்போடு இல்லை, தலையை மட்டும் ஒரு திருகு. தோட்டத்துக்காரப் பெரியம்மாவிடம் ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். "விடியிறதுக்குள்ள எடுக்கணும்த்தா. வெயில் ஏறிருச்சுன்னா வாசத்தை அது குடிச்சிரும், நமக்கு வெறும் சக்கைதான்" என்றார். பூவிலுள்ள எண்ணெய் சூட்டில் ஆவியாகிப் போவதைத்தான் அவர் சொன்னார். வீட்டில் அதைச் சோதித்தும் பார்த்தேன். ஒரே செடியில் காலை ஆறு மணிக்குப் பறித்ததையும் பகல் பன்னிரண்டுக்குப் பறித்ததையும் தனித்தனித் தட்டில் காயவைத்தேன். பகல் பூவில் நிறம் இருந்தது, மணம் பாதிகூட இல்லை.

குச்சி கேட்டதற்கு, "குச்சிதானத்தா, வெட்டிட்டுப் போ. இளங்குச்சி எடுக்காத, அழுகிரும். பென்சில் தண்டிக்கு முத்துனதாப் பாத்து எடு" என்றார். பத்துக் குச்சி வெட்டிவந்தேன், ஒவ்வொன்றிலும் நாலு கணு. கீழ்முனையைச் சரிவாக வெட்டி, கற்றாழைச் சாற்றில் தொட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு நிழலில் வைத்தேன். ஆறு பிழைத்தது. நாலு மாதத்தில் முதல் பூ. சொந்த வேரில் நிற்கும் செடி என்பதால் அடியிலிருந்து எத்தனை கிளை வந்தாலும் எல்லாம் பன்னீர் ரோஜாவே, ஒட்டுக்குக் கீழே கிளம்பி ஏமாற்றும் தொல்லை இல்லை.

பூவைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் வாங்கும்போது அடையாளம் தெரிய வேண்டும். நிறம் இளஞ்சிவப்பு, வெளி இதழ் வெளிறி, நடு இதழ் அழுத்தமாக. கூம்பாக நிற்காது, மலர்ந்தவுடன் தட்டையாக விரிந்து நடுவில் மஞ்சள் மகரந்தம் தெரியும். ஒரு பூவைப் பிரித்து எண்ணினேன், 34 இதழ், உள்ளே போகப் போகச் சின்னதாகி, கடைசி நாலைந்து நகக்கண் அளவுதான். இதழ் காகிதம் மாதிரி மெலிசு. அந்த மெலிசுதான் நமக்கு வேண்டியது, சீக்கிரம் காயும். மதியத்துக்குள் பறிக்காவிட்டால் சாயங்காலம் லேசாகத் தொட்டாலே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். குவளையில் வைத்து அழகு பார்க்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. முள் நிறைய, சின்னச் சின்னதாக, வளைந்து கையைப் பிடித்துக்கொள்ளும். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள்.

பராமரிப்பில் மதுரைக்கென்று இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று போர்த்தண்ணீர். எங்கள் தெருவில் உப்பு, இரண்டு மாதம் அதையே ஊற்றியதில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. இப்போது கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாளில் ஒரு டிரம்மில் பிடித்து வைத்து ரோஜாவுக்கு மட்டும் ஊற்றுகிறேன், மழைநாளில் தொட்டி வழியும் அளவுக்கு நனையவிட்டு உப்பைக் கழுவி இறக்கிவிடுகிறேன். இரண்டு, சித்திரை வைகாசி வெயில். மொட்டை மாடித் தரை சூடு தொட்டியின் அடிவழியாக வேரைச் சுடும், அதனால் எல்லாத் தொட்டியையும் செங்கல் மேல் தூக்கி வைத்து, மதியத்துக்கு நிழல்வலை கட்டியிருக்கிறேன். அந்த மாதங்களில் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்தி வரும், இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகத் தெரியும், காலையில் ஹோஸ் பைப்பால் இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு. வேறு மருந்து அடிப்பதில்லை, துணியில் வைப்பதும் குழந்தை முகர்வதும் இதைத்தானே. உரம் என்றால் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. ஐப்பசியில் மழை பிடிப்பதற்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து, கூடவே தொட்டிக்கு ஒரு கைப்பிடி எலும்புத்தூள். தையிலும் மாசியிலும் பூ அள்ளும்.

எவ்வளவு அள்ளும் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆறு செடியில் நல்ல நாளில் 12, 15 பூ. போன தை, மாசி இரண்டு மாதத்தில் சேர்ந்த காய்ந்த இதழ் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். காய்ந்தால் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படியானால் மாட்டுத்தாவணியில் கிலோ கணக்கில் வாங்கிவிடலாமே என்று தோன்றும், நானும் வாங்கிப் பார்த்தேன். முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில் பூ மார்க்கெட்டில் ஒரு கிலோ பன்னீர் ரோஸ் 120 ரூபாய். காசுக்கு லாபம்தான். ஆனால் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்திருந்தது, சாக்கில் அமுங்கியது, வீட்டுக்கு வந்து கொட்டியபோதே சூடாக இருந்தது, மூன்றில் ஒரு பங்கு கறுத்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டேன். மீதி காய்ந்து 110 கிராம். வாசம் பரவாயில்லை. என் மாடிப் பூவோடு பக்கத்தில் வைத்தால் தெரிகிற வித்தியாசம் அது. என்ன மருந்து அடித்தார்கள் என்பதும் தெரியாது, அதனால் குல்கந்துக்கு மார்க்கெட் பூவைத் தொடவே மாட்டேன்.

நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த ரோஜா மொட்டு கிடைக்கும். கீழமாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் 100 கிராம் வாங்கினேன், சாக்கு திறந்தே கிடந்ததாலோ என்னவோ பக்கத்துச் சாக்கிலிருந்த ஓம வாசம்தான் அதில் அடித்தது. அதே கடையில் வாங்கிய மகிழம்பூவும் வெட்டிவேரும் அருமை. ஆக, ரோஜாவை மட்டும் வீட்டில் வளர்த்து மற்றதை எல்லாம் கடையில் வாங்குவது என்று முடிவு செய்துகொண்டேன்.

காயவைப்பது நிழலில், துவைத்த வேட்டியில், ஒரு இதழ் மேல் இன்னொன்று படாமல். முதல் நாள் ஃபேன் போடாதீர்கள், எல்லாம் பறந்து கட்டிலுக்கடியில் போய்விடும். இரண்டாம் நாளிலிருந்து ஓடவிடலாம். வெயிலில் வைத்தால் இரண்டு நாளில் காய்ந்துவிடும், ஆனால் நிறமும் போய் வாசமும் போய்விடும். கையில் எடுத்து நெரித்தால் அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இதில் அவசரப்பட்டுத்தான் போன கார்த்திகையில் ஒரு ஜாடி முழுக்கப் பூசணம் பிடித்துப் போனது. அத்தனை காலையும் எழுந்து பறித்தது. ஜாடியைத் திறந்த அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. மழை மாதத்தில் பறிக்கிற பூவைச் சாமிக்கு வைத்துவிடுகிறேன், காயவைப்பதில்லை.

என் கலவை இது. காய்ந்த பன்னீர் ரோஜா 100 கிராம், சின்னதாக நறுக்கிய வெட்டிவேர் 20, மகிழம்பூ 15, காய்ந்த மரிக்கொழுந்து 10, பூலாங்கிழங்குத் தூள் 10, ஒன்றிரண்டாகத் தட்டிய கிராம்பு ஒரு டீஸ்பூன், பால் சாம்பிராணி தட்டியது ஒரு டீஸ்பூன். வெட்டிவேரும் சாம்பிராணியும் வாசத்துக்கு மட்டும் இல்லை, மற்ற வாசங்களைச் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைக்கின்றன. வெளிநாட்டில் இதற்கு ஐரிஸ் செடியின் கிழங்கைப் போடுகிறார்கள், நமக்கு வெட்டிவேர் இருக்கும்போது அதைத் தேடி அலைய வேண்டாம். கிராம்பு பூச்சி அண்டாமல் இருக்க, ஆனால் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போட்டால் பிரியாணி வாசம் வந்துவிடும். எல்லாம் கலந்து, இறுக்க மூடிய பீங்கான் ஜாடியில் ஒரு மண்டலம் வைத்திருந்து, வாரம் ஒரு தடவை குலுக்க வேண்டும். முதல் வாரம் திறந்து பார்த்தால் தனித்தனியாக வெட்டிவேர், தனியாகக் கிராம்பு என்று அடிக்கும். 48-ஆம் நாள் ஒரே வாசமாகச் சேர்ந்திருக்கும், அதில் ரோஜா முன்னால் நிற்கும்.

மல்லிகையையும் போட்டுப் பார்த்தேன். நம் மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதைச் சேர்க்காமல் மதுரையில் ஒரு வாசப்பூக் கலவையா என்று மனசு கேட்கவில்லை. மூன்றே நாளில் பழுப்பாகி, வாசம் சுத்தமாகப் போய்விட்டது. மல்லிகை தலையில் வைக்கிற அன்றைக்கு மட்டும்தான், காயவைத்துச் சேர்த்துவைக்கிற பூ அது இல்லை. மகிழம்பூ நேர்மாறு, காயக் காய மணக்கும்.

வாசம் குறைந்தால் ரோஜா எண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொல்வார்கள். சுத்தமான ரோஜா எண்ணெய் ஒரு கிலோ வடிக்க 3 முதல் 5 டன் பூ வேண்டும், அதனால் 50 ரூபாய்க் குப்பியில் இருப்பது ரோஜாவாக இருக்க வழியில்லை. அதை ஊற்றினால் ஜாடி முழுக்க ஊதுபத்தி வாசம்தான். நான் செய்வது, முடிச்சை அவிழ்த்துக் கையால் ஒரு கசக்குக் கசக்கி மறுபடி கட்டுவது. போன வருஷம் மாசியில் கட்டிய முடிச்சு இந்த வருஷம் ஆடி வரைக்கும் கசக்கினால் மணந்தது, அதற்கப்புறம் புதுசு வைத்துவிட்டேன்.

வரும் ஐப்பசிக் கவாத்தில் ஆறு செடியிலிருந்தும் குச்சி மிஞ்சும். நாத்தனார் நாலு கேட்டிருக்கிறாள், எதிர்வீட்டு அக்கா இரண்டு. இருவரிடமும் முதலில் ஒரு டிரம் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் வீட்டிலும் போர்த்தண்ணீர்தான்.